பியட்டில் ஊருக்குப் போன சுகம்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஓர் இளைஞர் தம் கைபேசியில் ஒரு காரின் படத்தைக் காட்டினார். 2007-இல் வெளிவந்த இத்தாலியின் மசராட்டி கிரான்டூரிஸ்மோ. பினின்ஃபரீனா வடிவமைத்தது, எட்டு சிலிண்டர், 405 குதிரைத்திறன். "வேகத்துக்காகத்தானே சார் இதை இப்படிக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

'கிரான் டூரிஸ்மோ' என்றால் பெரும்பயணம் என்று பொருள். அது பந்தயக் கார் அல்ல. நான்கு பேர் அமர்ந்து, நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் சென்று இறங்கினாலும் அலுப்புத் தட்டக் கூடாது. இன்ஜினின் பலம்கூட மேட்டில் திணறாமல் செல்வதற்குத்தான்.

ரயில்வேயில் உழைத்தவனுக்கு இது எளிதில் விளங்கும். இன்று எல்.எச்.பி. பெட்டிகளில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். அந்தப் பெட்டியைத் தாங்கும் சக்கரத் தொகுதிக்கு 'பியட் போகி' என்றே பெயர். வேகமாக ஓடினாலும் பயணியைக் குலுக்காமல் கொண்டு சேர்ப்பதே அதன் பெருமை.

அந்தப் பெயர் தாங்கிய கார் நம் வீடுகளிலும் இருந்தது. பம்பாய் குர்லாவில் 1964 முதல் தயாரான பியட் 1100 டிலைட், 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், முன்சீட்டிலேயே மூவர் அமரலாம். மசராட்டிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் பெங்களூருக்குப் பிழைக்க வந்த நமக்கு அதுவே கிரான் டூரிஸ்மோ.

விடியற்காலையில் புளியோதரையோடு கிளம்புவோம். அத்திபெலே எல்லையைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் தமிழுக்கு மாறும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் என்று பிள்ளைகள் எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார்கள். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால், அதன்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் புளியமர நிழலில் காத்திருப்போம். பள்ளியில் தமிழ் இல்லாத என் பிள்ளைகள் பாதித் தமிழைப் படித்தது அந்தச் சாலையில்தான்.

இன்று பேரப்பிள்ளைகள் இரவுப் பேருந்தில் பெங்களூரில் கண் மூடி மதுரையில் கண் விழிக்கிறார்கள். ஊர் வந்துவிடுகிறது, வழி தெரிவதில்லை.

பத்மினியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள அந்த வண்டி இன்றைய நெடுஞ்சாலைக்கு ஏற்றதல்ல. மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. உங்களிடம் எந்தக் கார் இருந்தாலும் சரி, ஆண்டுக்கு ஒரு முறையாவது பகலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போங்கள். கைபேசியை வாங்கி வைத்துவிட்டுப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.