சிவப்பு வீரன் நீலமாகும் கணம்

என் அக்கா மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, "மாமா, இங்க வாங்களேன், இவன் தமிழ் பேசுறான்" என்று அறைக்குள்ளிருந்து கூப்பிட்டான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் விளையாட்டுக்கு 2022இல் இந்திய அரச மரபுகளைச் சேர்த்து ஓர் இணைப்பு வந்தது. அதில் 'திராவிடர்' என்றொரு தரப்பு உண்டு. விறகு வெட்டப் போகும் குடியானவனைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான். தாய்மொழி வகுப்புக்கும் பாட்டி வீட்டுக்கும் வெளியே, தானாக விரும்பிப் போன ஓர் இடத்தில் என் மருமகன் தமிழைக் கேட்டது அதுதான் முதல் முறை. அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் மனம் நிறைந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் அணியின் துறவி ஒருவர் எதிரியின் வீரனை நோக்கிக் கையை உயர்த்தி ஓதத் தொடங்கினார். 1997இல் வந்த முதல் விளையாட்டிலேயே இந்த ஓதுதல் உண்டு. 'வொலோலோ' என்ற அந்த ஒலியை உலகம் முழுவதும் விளையாட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். சில விநாடிகள் ஆயின. சிவப்பு உடை நீலமாயிற்று. அதுவரை யாரோடு சேர்ந்து நின்றானோ அவர்கள்மேலேயே வாளை ஓங்கிக்கொண்டு போனான் அந்த வீரன். "இவனுக்குப் பழைய ஊர் ஞாபகம் வராதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேம்ல இல்லை மாமா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பதில் பல நாள் என்னை விடவில்லை. ஒருவனுடைய மொழியும் தெய்வமும் பற்றும் மாறுவதற்கு மூன்று தலைமுறை ஆகும். வீட்டுக்குள் எத்தனையோ மனக்கசப்புகளும் மௌனங்களும் ஆகும். அதை ஒரு நிறமாற்றமாகச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

பேரரசு விளையாட்டுகளின் இலக்கணத்தை 1993இலேயே ஒருவர் சொல்லிவிட்டார். ஆலன் எம்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி எழுதுகையில் அதை நான்கு வினைச்சொற்களில் அடக்கினார்: தேடு, விரி, சுரண்டு, அழி. இன்றும் அந்த வகைக்கு அதுதான் பெயர். நான்கும் வந்து இறங்குகிறவனின் வினைகள். ஏற்கெனவே அங்கே குடியிருப்பவனுக்கென்று ஒரு வினைகூட அந்தப் பட்டியலில் கிடையாது. ஆட்டம் தொடங்கும்போது வரைபடம் கறுத்துக் கிடக்கும். நம் ஆள் கால் வைத்த இடம் மட்டும் வெளிச்சமாகும். அவன் வருவதற்கு முன்னால் அங்கே பொழுது விடிந்ததே இல்லை என்பதுபோல.

சிங்கப்பூரர்களுக்கு இந்தக் கறுத்த வரைபடம் புதிதில்லை. நம் கதை நெடுங்காலம் பிரிட்டிஷார் வந்து இறங்கிய 1819இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு மீன்பிடி கிராமம், அவ்வளவுதான். 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங் குன்றில் மண்ணைத் தோண்டியபோது பதினான்காம் நூற்றாண்டின் பீங்கான் துண்டுகள் வெளியே வந்தன. கறுப்புக்கு அடியில் ஒரு துறைமுகமே இருந்திருக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்றும் நின்றது. 1843இல் பிரிட்டிஷார் இடம் தேவைப்பட்டதால் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது; அந்த எழுத்தை இன்றுவரை யாரும் ஐயமறப் படித்ததில்லை. மாயாஜால விளையாட்டுகளிலும் இப்படிப்பட்ட கற்சுவர்கள் வரும். 'ஸ்கைரிம்' விளையாட்டில் நாயகன் பழங்காலச் சுவரின் அருகே போய் நின்றாலே போதும், எழுத்து ஒளிர்ந்து ஒரு சொல் அவனுக்குள் இறங்கிவிடும். நம் கல்லின் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் அது வாய் திறப்பதில்லை.

கற்பனை உலகங்களைக் குறை சொல்லவே இதை எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். வரலாற்றுப் பாடப்புத்தகம் தயங்குகிற இடத்தில் துணிந்து நுழைந்த விளையாட்டுகளும் உண்டு. 2011இல் வந்த அதே 'ஸ்கைரிம்' அப்படி ஒன்று. பேரரசு ஒரு போரில் தளர்ந்துபோய், ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுகிறது. அதன்படி நார்டு மக்கள் கும்பிடும் டாலோஸ் என்ற தெய்வத்தை இனிக் கும்பிடக் கூடாது. உல்ஃப்ரிக் என்பவன் தலைமையில் கலகம் மூள்கிறது. நாம் எந்தப் பக்கமும் சேரலாம். முதல்முறை விளையாடுகிற யாரும் கலகக்காரன் பக்கம்தான் சாய்வார்கள், நானும் சாய்ந்தேன். பிறகுதான் அவனுடைய நகரத்துக்குள் நுழைகிறோம். அடைக்கலம் தேடி வந்த வேற்றினத்தார் ஒரு சேரியில் அடைந்து கிடக்கிறார்கள். இன்னோர் இனத்துக்கு மதிலுக்குள்ளேயே இடமில்லை, துறைமுகத்தோடு சரி.

இன்னும் மேற்கே போனால் மார்கார்த் என்ற கல் நகரம். அந்த மலைநாடு நார்டுகளுடையதே இல்லை. பூர்வகுடிகள் ஒரு காலத்தில் அதைத் திரும்பப் பிடித்திருந்தார்கள். அவர்களை நசுக்கியவன் நம்முடைய இதே விடுதலை வீரன் உல்ஃப்ரிக். பிடிபட்டவர்கள் சிட்னா சுரங்கத்தில் ஒரு பணக்கார நார்டு குடும்பத்துக்காக வெள்ளி வெட்டுகிறார்கள். அவர்களின் தலைவன் மடனாக் கந்தலோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். பேரரசுக்கு எதிராக நிற்பவனும் இன்னொருவனுக்குப் பேரரசாக இருக்கக்கூடும் என்பதை இவ்வளவு நேராக ஒரு விளையாட்டு எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. சுரங்கத்தில் அந்தத் தலைவனுக்கு உதவி, அவனை வெளியே கொண்டுவந்த பிறகும், மலைப்பாதையில் எதிர்ப்படும் அவன் இனத்தார் பெரும்பாலும் நம்மைத் தாக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாமும் அவர்களைக் கொன்று, சட்டைப்பையைத் துழாவிக் காசெடுத்துக்கொண்டு நடக்கிறோம். எழுத்தாளர் ஒரு நியாயத்தை எழுதியிருக்கிறார். விளையாட்டின் வாள் வேறொரு நியாயத்தின்படி சுழல்கிறது. கற்பனை உலகங்கள் இடறி விழுகிற இடமாக எனக்குப் படுவது இதுதான். ஏகாதிபத்தியத்தின் துயரம் உரையாடலில் இருக்கிறது. விரலுக்குக் கிடைக்கும் இன்பம் மட்டும் ஏகாதிபத்தியத்தினுடையதாகவே இருந்துவிடுகிறது.

சிட்னா சுரங்கத்தில் எனக்குக் கால் ஓடாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட நாடு கடத்தப்பட்ட கைதிகளில் முதல் 80 பேர் சென்னை மாகாணத்தவர்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் இந்த நகரத்தின் சாலைகளைச் சமன் செய்தவர்கள், சதுப்பை நிரப்பியவர்கள், இஸ்தானாவைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைச் சுவரைப் போய்த் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சென்னைச் சாந்து அது. காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தக் கைகளில் ஒன்றின் பெயர்கூட அங்கே எழுதப்படவில்லை.

நம்மவர்களின் பெருமிதத்தைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. அந்தத் 'திராவிடர்' தரப்பின் கதை ராஜேந்திர சோழனுடையது. 1025இல் கடல் கடந்து வந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியவன். என் மருமகன் அந்தப் படையை நடத்தும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறுக்கவில்லை. மெய்க்கீர்த்தியில் வரிசையாக வரும் ஊர்களின் பெயர்கள் நம் காதுக்கு இசையாக இருக்கின்றன. கடாரம் என்பது கெடா. கெடாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்கள் புளோக்கில் மூன்று மாடி கீழே குடியிருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வரும். அந்த வீட்டுப் பையன் இதே விளையாட்டை ஆடினால், சோழக் கப்பல் தொடுவானத்தில் தெரியும்போது அவன் மனத்தில் என்ன ஓடும்? ராஜேந்திரனின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிற நாம் உண்மையில் கைதிகளின், கூலிகளின், சிறுகடைக்காரர்களின், குமாஸ்தாக்களின் பேரப்பிள்ளைகள். வென்றவனின் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த நாற்காலியிலிருந்து சாந்து குழைத்தவனின் முகம் தெரியாது என்பதுதான் என் கவலை.

இந்த ஊரிலேயே செய்த விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை பல ஆண்டு உழைத்து 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. பதினேழாம் நூற்றாண்டின் இந்தியப் பெருங்கடல், ஐரோப்பியக் கம்பெனிகள், தெலோக் பெஞ்சாரா என்று மலாய்ப் பெயர் கொண்ட கடற்கொள்ளையர் துறை. நம் கடலை நம் ஊரிலிருந்தே வரைந்திருக்கிறார்கள் என்பதில் மகிழ்ச்சிதான். கடலும் அலையும் அற்புதம். கரையில் இறங்கினால் நமக்குப் பெரும்பாலும் வாங்குவதும் விற்பதும்தான் வேலை. ஓர் ஊரைச் சூறையாடுவதைக்கூடக் கப்பலில் நின்றபடியே செய்துவிடலாம். சூறையாடப்பட்டவர்களின் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. 'கடற்கொள்ளையர்' என்ற சொல்லுக்குச் சிங்கப்பூர் நீரிணையில் ஒரு வரலாறு உண்டு. கம்பெனியின் ஒழுங்குக்குள் வராத கடல்வாழ் மக்களுக்கும் மலாய்த் தலைவர்களின் படகோட்டிகளுக்கும் வெள்ளைக்காரர்கள் ஒட்டிய பெயர் அது. காலாங் ஆற்றில் படகிலேயே வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள் 1820களில் இங்கிருந்து ஜோகூருக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள். ஆற்றுக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது.

பலகை விளையாட்டுகளில் 2017இல் வந்த 'ஸ்பிரிட் ஐலண்ட்' இதைத் திருப்பிப் போட்டது. அதில் குடியேறிகள் சீட்டுக்கட்டின் சொல்படி இயங்கும் எந்திரங்கள்; நாம் தீவின் ஆவிகள். துணிச்சலான யோசனை. ஆயினும் தீவின் மக்கள் அங்கேயும் சிறு மரக் காய்களாகத்தான் நிற்கிறார்கள்.

நிறம் மாறிய வீரனின் உள்ளுக்குள் போய்ப் பார்த்த ஒரே விளையாட்டு என்று நான் நினைப்பதில் மாயாஜாலமே இல்லை. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த 'வெண்பா'. 1988இல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்தனுப்பிய கிழிந்த சமையல் குறிப்பேடு, பெற்றோரின் மொழியிலிருந்து மெல்ல விலகிப்போகும் மகன். ஆட்டம் என்று பார்த்தால் இட்லி ஊற்றுவதும் புட்டு அவிப்பதும்தான். அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். விட்டுப்போன ஒரு வரியை மீட்டெடுப்பதையே விளையாட்டின் வினையாக்கிவிட்டார்கள். எம்ரிக்கின் நான்கு வினைகளிலும் இது இல்லை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தபோது எங்கள் இதழின் ஆசிரியர் குழுவில் ஒருவர் அழுதேவிட்டார்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டு முன் 3.3. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியிருக்கிறது. இங்கே எந்தத் துறவியும் கையை உயர்த்தி ஓதவில்லை. ஆட்சிமொழி நான்கில் ஒன்றாகத் தமிழ் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, வானொலியில் இருக்கிறது. என் அக்காவும் அத்தானும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அன்பினால் மாறுகிற நிறத்தை எந்த விளையாட்டு காட்டும்?

தேக்காவில் பூவும் வெற்றிலையும் வாங்கப் போகும் வழியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கிளைவ் ஸ்ட்ரீட், ஹேஸ்டிங்ஸ் ரோடு, டல்ஹௌசி லேன், மேயோ ஸ்ட்ரீட். இந்தியாவைப் பிடித்தவர்கள், ஆண்டவர்கள், வாரிசில்லை என்று சொல்லி அரசுகளை விழுங்கியவர்கள், அத்தனை பேரும் லிட்டில் இந்தியாவுக்குள்தான் தெருப்பலகையில் நிற்கிறார்கள். தீபாவளி விளக்குகளை அவர்களின் தலைக்கு மேலே நாம் தொங்கவிடுகிறோம். ஒரு கற்பனை எழுத்தாளர் இப்படி ஒரு நகரத்தைக் கட்டியிருந்தால், சற்று மிகையாக இருக்கிறதே என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்த இதழுக்கு விளையாட்டுக் கதைகளைக் கேட்கிறோம். தமிழில் எழுதுங்கள், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, காட்சியும் விதியும் போதும். சோழர் கப்பலைப் பலர் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியவன் சாந்து குழைக்கிறவன். விடிவதற்குள் எழுந்திருக்கிறான், கால் விலங்கின் தழும்பைத் தடவிக்கொள்கிறான், முட்டைகளை எண்ணி வாங்குகிறான். இருபது ஆண்டுத் தண்டனை. பக்கத்தில் படுத்திருப்பவன் பேசுவது வேறு மொழி. ஆட்டம் அங்கே தொடங்கட்டும். முதல் நாள் அவன் கையில் என்னென்ன வினைகள் இருக்கும் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள்.