கல்லில் இருந்து கணக்கைத் தொடங்காதீர்கள்!

ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர் ஈகியர் நாள்.

தேனியில் இருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. அங்கே 1920-ல் இதே நாளில் வெள்ளைக்காரன் போலீஸ் சுட்டு, மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க. செய்த குற்றம்? கைரேகை வைக்க மாட்டோம்னு சொன்னது.

"கூட்டம் கூடி எதிர்த்தா போலீஸ் சுடத்தானே செய்யும்? சட்டத்தை மதிச்சிருக்கலாமே?" என்று இன்றைக்கும் கேட்கிற மேதாவிகள் இருக்கிறார்கள்.

எந்தச் சட்டத்தை ஐயா? 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தையா? தாய் வயிற்றில் இருந்து விழுந்ததே குற்றம் என்று எழுதிய சட்டம் அது. ரேகை வைத்தவன் ராத்திரி ஆஜர் கொடுக்கணும். வெளியூர் போகணும்னா அனுமதிச் சீட்டு வாங்கணும். நம்ம கம்பம் பள்ளத்தாக்கும் அன்றைக்கு மதுரை மாவட்டம்தான். சொந்த ஊரிலேயே கைதியாக வாழ்ந்த தாத்தாக்களின் கதை இங்கேயும் வீட்டுக்கு வீடு உண்டு.

துப்பாக்கி ஒரு நாள் சுட்டது. பதிவேடு வருசக்கணக்கில் சுட்டது. மேசையில் நடந்தால் நிர்வாகம், தெருவில் நடந்தால் வன்முறையா? கணக்கைக் கல்லெறிந்தவனிடம் தொடங்காதீர்கள். ரேகை மையை நீட்டியவனிடம் தொடங்குங்கள்!

தோழர்களே, இன்னொன்றும் சொல்லணும். ரத்தம் சிந்தியதால் மட்டும் அந்தச் சட்டம் சாகவில்லை. ஜார்ஜ் ஜோசப் வக்கீலாக நின்றார். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் பேசினார். பெயர் தெரியாத ஆயிரம் பேர் கூடினார்கள், மனுப் போட்டார்கள், சிறை போனார்கள். அதற்குப் பிறகுதான், 27 வருசம் கழித்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. புரட்சி என்பது ஒரு நாள் ஆவேசம் இல்லை, விடாப்பிடி.

சட்டம் போச்சு, காகிதத்தின் புத்தி போச்சா? 1979-ல் ஓர் அரசாணை, சீர்மரபினர் 'பழங்குடிகளை' சீர்மரபினர் 'வகுப்புகள்' ஆக்கியது. பல வருசம் போராடி, 2019-ல் கிடைத்தது இரட்டைச் சான்றிதழ்: டெல்லிக்கு டிஎன்டி, சென்னைக்கு டிஎன்சி. ஒரே பிள்ளைக்கு ரெண்டு பேரா?

அன்று காகிதத்தில் குற்றவாளி ஆக்கினீர்கள். இன்று காகிதத்தில் அலைய விடாதீர்கள். ஒற்றைச் சான்றிதழ் கொடு!

பெருங்காமநல்லூர் ஈகியருக்கு வீரவணக்கம்!