இரக்கம் மட்டும் போதுமா?

“பாவம்” என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடக்க இயலாத பெண்ணைக் கண்டால் “பாவம்”. கண் பார்வையற்ற பெண்ணைக் கண்டால் “பாவம்”. பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களிடம் “அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?” என்று ஊரே கேட்கிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. “வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்” என்று பெரியவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அது அன்பினால் சொல்லப்படுவதே. ஆயினும் பதினெட்டு வயது நிரம்பிய ஒருத்தியின் வாழ்வை நான்கு சுவருக்குள் அடைக்க அன்புக்குத்தான் உரிமை உண்டோ?

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் முழுமையாகப் பார்வையற்றவர். லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பார்வையற்றோர் பள்ளியிலும், பின்னர் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பயின்றார். தாயார் நாளிதழ்களை வாசித்துக் காட்டினார்; திரையில் உள்ள எழுத்தைக் கணினி குரலாக்கித் தந்தது. வங்கி அதிகாரியாக இருந்த அவர், குடிமைப் பணித் தேர்வில் வென்று 2015-ஆம் ஆண்டு, தம் 25-ஆம் வயதில், இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. அவர் வீட்டார் “பாவம்” என்பதோடு நின்றிருந்தால்?

எல்லாரும் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் போய் வர முடிந்தால் போதும். சட்டம் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடமும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடமும் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் அவர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை. ஆனால் பேருந்தின் முதல் படியே உயரமாக இருக்கிறதே! சீட்டு இலவசம், ஏறுவது எப்படி?

“ஒருத்திக்காக இத்தனை செலவா?” என்று சிலர் கேட்கலாம். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சாய்தளமும், இருபுறமும் கைப்பிடியும் போதும். அதில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறும்? மூட்டுவலிப் பாட்டியும், பிள்ளையைச் சுமந்த தாயும் ஏறலாம் அல்லவா?

1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடந்தபோது நம் மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். “பெண்ணுக்கு எதற்குச் சைக்கிள்?” என்று கேலி பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்த இரு சக்கரங்கள் அவர்களை வேலைக்கும் சந்தைக்கும் பிறர் துணையின்றிக் கொண்டு சேர்த்தன. அத்தகைய மாவட்டத்தில் சக்கர நாற்காலிக்கு வழியில்லை என்பது நமக்குப் பெருமையாகுமா?

பெற்றோரே, மகளுக்காக முடிவு செய்யுமுன் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். பெரியோர்களே, பள்ளியோ, ஆலயமோ, பேரூராட்சி அலுவலகமோ எதைக் கட்டினாலும் படியோடு சாய்தளமும் கட்டுங்கள். தோழியரே, நாற்காலியைத் தள்ள ஓடுமுன் “உதவட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்போம், வேண்டாமென்றால் அவளோடு சமமாக நடப்போம். இரக்கம் நல்லதுதான். ஆனால் அது கண்ணீரோடு நின்றுவிடாமல், வழியமைத்துத் தரட்டும்!