மரக்காலுக்குள் விளக்கா?

முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே தகுதி பார்த்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த உத்திரமேரூர் வட்டாரத்தில் வாழும் நாம், வீட்டு வைஃபையை மட்டும் விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

வேகம் கூடிய திட்டத்திற்குப் பணம் கட்டுமுன் ரூட்டர் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். பல வீடுகளில் அது கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பெண்பிள்ளை படிப்பதோ பின்கட்டு அறையில்! 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்தாலும் தொலைவு செல்லும். ஆகவே ரூட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில் வைப்போம். இடம்விட்டு நகராத தொலைக்காட்சிக்குக் கம்பிவழி இணைப்புக் கொடுத்தால், கைபேசிகளுக்கு நெரிசல் குறையும்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பலருக்கும் பாடம் வந்தது இணையத்தின் வழியேதான். அன்புப் பெற்றோரே, படிக்கும் அறைக்கு எட்டாத இணைப்பு மரக்காலுக்குள் வைத்த விளக்கே!