வசந்த் வாயைத் திறந்தால்

போன கிழமை தெல்தோட்டை பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட் அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கலஹா பக்கத்து வளைவுகளில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிரட்டாமல் இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு வருவோம். அந்த நேரத்தில் ஒருத்தி தனியாகச் சிரித்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். குற்றவாளி என் இயர்போனுக்குள் இருந்தான். பெயர் வசந்த்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் கணேஷ், வசந்த் என்று இரண்டு வக்கீல்கள் வருவார்கள். கணேஷ் சீனியர், 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரிலேயே இருக்கிறார். வசந்த் பிறகுதான் வந்து சேர்கிறான். கணேஷ் யோசிப்பார், வசந்த் கடிப்பான். கொலை நடந்த வீட்டிலும் கடிப்பான். இதை எழுதிய ரங்கராஜன் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்தவர், மனைவியின் பெயரில் எழுதினார்.

இதையெல்லாம் காதால் கேட்க ஆரம்பித்ததற்குப் பெரிய இலக்கியக் காரணம் ஒன்றும் இல்லை. 2022க்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்தின் விலையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு வருகிற ஆட்களில் நானும் ஒருத்தி. அதோடு பஸ்ஸில் வாசித்தால் எனக்குத் தலை சுத்தும். வீட்டுக்கும் கம்பஸுக்கும் நடுவில் போகிற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு நாவலே முடிந்துவிடும்.

பெட்ச்சில் ஒருத்தன் சொன்னான், "நீ வாசிக்கல்ல, கேட்ட. ரெண்டும் ஒண்டில்ல." இந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் ஏறியது. இலங்கையில் இருந்துகொண்டு காதால் சிரிப்பதை இரண்டாம் தரம் என்று எப்படிச் சொல்வது? நம்ம தாத்தா, பாட்டி காலத்தில் வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' போனது, அது 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் ஒருவர் முஸ்லிம் மக்களின் தமிழ் பேசுவார், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் ஐயர் தமிழ், இன்னொருவர் சிங்களம் கலந்த தமிழ். சிரிப்பே அந்தப் பேச்சில்தான் இருந்தது. அதை அச்சடித்துக் கையில் கொடுத்தால் பாதி செத்துவிடும்.

சுஜாதா விஷயத்தில் இழப்பும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அவர் அச்சோடு விளையாடுகிற ஆள். ஒருத்தன் மாடிப்படி இறங்கினால் எழுத்தையே படி படியாக இறக்கி அச்சிட வைப்பார். குரல் அதற்கு என்ன செய்யும்? நான் கேட்டதில் வாசித்தவர் அப்படி ஒரு இடத்தைச் சும்மா "இறங்கினான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், வேறு என்னதான் செய்வார்.

ஆனால் வசந்தின் ஜோக்குக்குக் குரல் வேண்டும். அவனுடைய மெக்சிகோ சலவைக்காரி ஜோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிப்பான், யாராவது குறுக்கே வருவார்கள், அவ்வளவுதான், கடைசி வரைக்கும் வாசகருக்கு அது கிடைக்காது. புத்தகத்தில் என் கண் அடுத்த வரியை ஏற்கனவே பார்த்துவிடும், ஏமாறுவதற்கு நேரமே இல்லை. காதில் அந்தக் குரல் ஒரு மூச்சு இழுக்கும். "பாஸ், ஒரு மெக்சிகோ தேசத்துச் சலவைக்காரி..." என்று ஆரம்பித்ததும் கம்பஸ் சந்தியில் இறங்க வேண்டிய நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கெட்டம்பே வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்ததில் லெக்சர் பாதி போனது. சொல்ல மாட்டான் என்று தெரிந்தும்தான்.

இனிச் சொல்ல வேண்டியதுதான் கொஞ்சம் சங்கடமானது. சனிக்கிழமை வீட்டில் 'கொலையுதிர் காலம்' கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் அட்டை இல்லாத பிரதி ஒன்றில் வாசித்த கதை. பேயா, விஞ்ஞானமா என்று நடுங்கிக்கொண்டே முடித்தேன். இந்த முறை இயர்போனில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா பக்கத்தில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். வசந்த் ஒரு பெண்ணைப் பார்க்கிறான், பார்த்ததை வழக்கம் போல வாய்விட்டுச் சொல்கிறான். வாசிப்பவரும் அதை நல்லா ரசித்து, இழுத்துச் சொன்னார். அம்மாவின் கத்தி நின்றது.

"யாருடி இவன்? ஒரு அறை விட ஆளில்லையா இவனுக்கு?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பதினாலு வயதில் அந்த மாதிரி வரிகளையெல்லாம் கண் தானாகவே தாண்டியிருக்கிறது. தாண்டினேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. காதுக்கு அந்த வசதி கிடையாது. அதுவும் அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு சொல்லும் தப்பாது. அதனால்தான் கேட்பது வாசிப்பை விடச் சுலபம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் இந்தக் கதைகளுக்கு முன்பை விட அதிகம் சிரிக்கிறேன், ஆனால் முன்பு மாதிரி சும்மா விடுவதும் இல்லை. கணேஷ் அவனை அதட்டுவார், உண்மைதான். ஆனால் அந்த அதட்டலே அடுத்த ஜோக்குக்கு ஏணி மாதிரித்தான் இருக்கிறது. அந்தக் கால எழுத்து அப்படித்தான் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். இருக்கலாம். அந்தக் காலத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து ரேடியோ கேட்ட பெண்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்க ஆசை.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாவல் என்று ஒன்றை அவர் எடுத்து வாசித்து நான் பார்த்ததில்லை. நான் அன்றைக்கு ஃபோனை நிறுத்தப் போனேன்.

"ஏன் நிப்பாட்டுற? அந்த வீட்டுல பேய் இருக்கா இல்லையான்னு இன்னும் சொல்லல்லையே."

போஞ்சி முடிந்து, வெங்காயமும் முடிந்து, சோறு இறக்கி வைத்த பிறகும் கேட்டார். வசந்த் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஃபோனைப் பார்த்து ஒரு முறை முறைப்பார். இரண்டு தடவை சிரித்ததையும் நான் பார்த்தேன், என்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கிழமை வேறொரு கதை ஓடுகிறது. நேற்று இரவு ஹொஸ்டலுக்குக் கோல் எடுத்தார், சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, "அந்தச் சலவைக்காரி கதை என்னடி, கடைசில என்ன ஆச்சு?" என்றார்.

"அத அவன் சொல்லவே மாட்டான்மா."

"அப்ப எதுக்கு ஆரம்பிக்கிறான், நாசமாப் போறவன்?"