சம்பாதிக்கிற பிள்ளை சொன்னதே சட்டம்

அமெரிக்காவில் 'அட்லாண்டிக் கரைச் சங்கம்' என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒன்று உண்டு. 2024-ல் அதில் புதிதாகச் சேர்ந்த ஸ்டான்போர்டும் பெர்க்லியும் பசிபிக் கரைக்காரர்கள்! "பூகோளம் மறந்துவிட்டதா?" என்று என்னைக் கேட்காதீர்கள், சகோதரிகளே. மறந்தவர்கள் அவர்கள்தாம். மறக்கச் செய்தது பணம்.

விஷயம் இதுதான். அங்கே பக்கத்து ஊர்க் கல்லூரிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துத் தங்களுக்குள் பந்தயம் ஆடுவது வழக்கம். பந்தயங்களைக் காட்ட டெலிவிஷன் கம்பெனிகள் சங்கத்துக்குப் பணம் கொட்டுகின்றன. சங்கம் அதைக் கல்லூரிகளுக்குப் பங்கு பிரிக்கிறது. பணத்தில் பெரும் பகுதி அமெரிக்கக் கால்பந்தால் வருவது. வாலிபால், நீச்சல், டென்னிஸ் ஆடும் பெண்களின் செலவும் பெரும்பாலும் அதிலேதான் ஓடுகிறது. கால்பந்து சம்பாதிக்கிற பிள்ளை. மற்றவை அவன் நிழலில் இருக்கும் குடும்பம்.

மேற்குக் கரையில் 1915-ல் பிறந்த சங்கம், பிற்காலத்தில் 'பாக்-12' என்று பெயர் பெற்றது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து யு.எஸ்.ஸி.யும் யு.ஸி.எல்.ஏ.யும் அதை விட்டு 'பிக் டென்' சங்கத்துக்குப் போவதாக அறிவித்தன. யு.ஸி.எல்.ஏ.யைக் கோபிக்கவும் மனம் வரவில்லை. 2021 நிதியாண்டில் மட்டும் அதன் விளையாட்டு இலாகாவுக்கு 6 கோடியே 25 லட்சம் டாலர் துண்டு விழுந்திருந்தது. 'பிக் டென்'னோ அந்த ஆகஸ்டிலேயே 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் டெலிவிஷன் ஒப்பந்தம் செய்துகொண்டது! 2023 செப்டம்பருக்குள் பன்னிரண்டில் பத்து கல்லூரிகள் வேறு இடம் பார்த்துவிட்டன. ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் தனியே நின்றன. ஸ்டான்போர்டுக்கும் பெர்க்லிக்கும் புதுச் சங்கத்தில் முதல் 7 வருஷத்துக்குக் கிடைப்பது, முழு டெலிவிஷன் பங்கில் 30 சதவீதந்தான்.

ஒரு வேடிக்கை: யு.ஸி.எல்.ஏ.யும் பெர்க்லியும் கலிபோர்னியா சர்வகலாசாலை என்ற ஒரே தாயின் பெண்கள். ஒருத்தி பணக்கார இடத்துக்குப் போனதால் இன்னொருத்திக்கு நஷ்டம். ஆகவே வருஷத்துக்கு 1 கோடி டாலர் வீதம் உடன்பிறந்தாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் நிர்வாக சபை தீர்ப்புச் சொல்லிற்று!

பெரியவர்களின் கணக்கு இப்படித் தீர்ந்துவிடும். ஆட்டக்காரப் பெண்களின் கணக்கு? கால்பந்துக்கு வாரம் ஓர் ஆட்டம். அதிலும் சுமார் பாதி சொந்த ஊரில். வாலிபால் பெண்களுக்கோ பல வாரங்களில் இரண்டு ஆட்டம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்ஸிக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அங்கே கடிகாரமும் மூன்று மணி முந்தி ஓடுகிறது. ஆடிவிட்டுத் திரும்பி, தூக்கக் கண்ணோடு வகுப்பில் உட்கார வேண்டும். பரீட்சைக்கு ஒத்திவைப்பு உண்டா?

கால்பந்து மட்டும் தூர தேசம் போய்ச் சம்பாதிக்கட்டுமே! பெண்கள் பழையபடி பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆடட்டும். பணத்தை மணியார்டர் செய்தால் போதாதா? குடும்பத்தையே ஏன் கூட இழுக்க வேண்டும்? சொல்லுங்கள், பார்க்கலாம்!