முத்திரை குத்தும் கைக்கும் படிப்பு வேண்டும்

1992இல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் மூன்று சாமான்களைத் தந்தார்கள். ஒரு திகதி முத்திரை, ஒரு மைத்தட்டு, அலமாரி துடைக்க ஒரு பழந்துணி. "போற பொஸ்தகத்துக்குத் திகதி குத்து, வந்ததை எடுத்த இடத்தில வை. அவ்வளவுதான் புள்ள வேலை" என்றார் மேலே இருந்தவர். உயர்தரம் எழுதிவிட்டு, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம். நூலக உதவியாளர். அம்மா அந்தப் பெயரை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எடுத்த இடம் எது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதன் விலையை மூன்றாம் மாதத்தில் அறிந்தேன்.

பின்னறையில் சில கட்டுகள் கிடந்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த தோட்டத் தொழிற்சங்கச் சஞ்சிகைகள். மழை ஒழுகி ஓரமெல்லாம் ஊறியிருந்தன, அடிக்கட்டில் கறையான். அறையைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். நானே சுமந்துபோய், பழைய பேப்பர் எடுக்கும் கடையில் நிறுத்துப் போட்டுவிட்டு, காசை ரசீதோடு கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல பிள்ளை என்றார்கள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து நிறுத்து, சங்கத் தலைவராகவும் இருந்து ஓய்ந்தவர். "புள்ள, பழைய சங்கப் பேப்பர் ஒரு கட்டு இங்கன கெடந்திச்சே. ஸ்ட்ரைக் நேரத்தில நான் பேசுனது அதுல வந்திச்சு. பேரனுக்குக் காட்டணும்" என்றார். நான் இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சரி புள்ள" என்று போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த மனிதரின் பேச்சு அச்சில் இருந்த ஒரே இடத்தை நான் கிலோக் கணக்கில் விற்றிருந்தேன். அது உள்ளூர்ச் சேகரிப்பு, மற்றதெல்லாம் போனாலும் அதைத்தான் காக்க வேண்டும் என்ற பாடம் பயிற்சி வகுப்பின் இரண்டாம் நாளிலேயே வரும். எனக்கு அந்த வகுப்பு கிடைத்தது நாலு வருஷம் கழித்து.

ஆகவே என் கட்சி இதுதான்: நூலகத்தில் பயிற்சி முதலில், நாற்காலி பிறகு. தலைமை நூலகருக்குப் படிப்பு வேண்டும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். உதவியாளருக்கு என்ன படிப்பு என்றுதான் கேட்கிறார்கள். வாசகர் நூலகரின் அறைக்குப் போவது அபூர்வம். அவர் பார்ப்பதும் கேட்பதும் உதவியாளரைத்தான்.

உதவியாளருக்குப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் மாத்தளையையே எடுத்துக்கொள்வோம். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு. மூன்று எழுத்தாளர்கள், மூன்று பேருக்கும் ஊர்ப்பெயர் முன்னால். பயிற்சியில்லாதவர் ஒருவரை 'மா'வில் வைப்பார், அடுத்தவரை 'சோ'வில் வைப்பார், மூன்றாமவரை இடம் இருக்கிற தட்டில் செருகுவார். ஊரோடு சேர்த்தே அறியப்பட்ட பெயர் என்றால் அப்படியே 'மா'வில் வைக்கலாம். ஆனால் 'சோமு' என்று தேடி வருகிறவருக்கு 'மாத்தளை சோமு பார்க்க' என்று ஒரு வழிகாட்டு அட்டை இருக்க வேண்டும். ஜெயகாந்தன் எங்கே? தமிழ் அகரவரிசையில் கிரந்த எழுத்துகள் 'ன'வுக்குப் பின்னால் வருகின்றன. அது தெரியாமல் நான் அவரை 'செ'யன்னாவில் வைத்திருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் அவர் புத்தகம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. சி.வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே'. தலைப்பைப் பார்த்துத் தேயிலைப் பயிர்ச்செய்கைக்குரிய 633.72 என்ற பகுப்பு இலக்கத்தில் வைத்திருந்தேன், உரம் போடுவது பற்றிய கைநூல்களுக்கு நடுவில். அது கவிதை. அவர் ஆங்கிலத்தில் எழுதியதைச் சக்தீ பாலஐயா தமிழாக்கினார். தூயி தசாம்சப் பகுப்பின் விதிப்படி மொழிபெயர்ப்பு மூலமொழி இலக்கியத்தோடு போக வேண்டும், அதாவது ஆங்கிலக் கவிதைக்குரிய 821க்கு. எங்கள் தோட்டத்துப் பிள்ளையோ அதைத் தமிழ் இலக்கியம் இருக்கும் 894.811இல்தான் தேடும். விதியை அறிந்தவர்தான் இந்த இடத்தில் யோசிப்பார், இரண்டு இடத்திலும் தெரியும்படி பட்டியலில் ஒரு பதிவைக் கூடப் போடுவார். விதியே தெரியாதவருக்கு இங்கே ஒரு சிக்கல் இருப்பதுகூடத் தெரியாது.

பசை விஷயமும் அப்படித்தான். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டுவது எங்கள் பக்க நூலகங்களில் வழக்கம். சில வருஷத்தில் டேப் மஞ்சளாகிக் கழன்றுவிடும், பிசின் தாளில் நின்று எழுத்தைத் தின்னும். கோதுமை மாவில் காய்ச்சிய பசையும் மெல்லிய தாளும் போதும். ஒரு பகற்பொழுதில் பழகிவிடலாம். இந்தக் கைப்பழக்கத்தின் அருமைக்கு மாத்தளையை அடுத்த அலுவிகாரை விகாரையே சாட்சி. அங்கே போனால் ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்து எழுத்தைத் தெரியவைப்பதை இன்றும் காட்டுகிறார்கள். வாய்வழியாக வந்த பௌத்த திரிபிடகத்தைக் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலையில் ஏற்றிய இடம் அது. ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கலவரத்தில் அங்கிருந்த ஏட்டுச் சேகரிப்பு அழிந்தது. பிக்குகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். ஏட்டைத் தொடப் பழகிய கைகள் மிச்சம் இருந்ததால்தான் அது முடிந்தது.

இனி, படிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் நூலக, தகவல் விஞ்ஞான டிப்ளோமாவை நிலை நிலையாகச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனம் 1999இலிருந்து இயங்குகிறது, ஆசிரிய நூலகர்கள் பலர் அங்கே படித்தவர்கள். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1929இலேயே சென்னையில் நூலகப் பணியாளருக்குக் கோடைகால வகுப்பு தொடங்கிவிட்டார். நமக்கு இது புதுச் சங்கதி அல்ல.

சிக்கல் தூரத்தில்தான் இருக்கிறது. நான் வகுப்புக்குக் கொழும்பு போன சனிக்கிழமைகளில் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, அண்ணன் டோர்ச் பிடித்துக்கொண்டு ரோட்டுவரை கூட வர, முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். என்னோடு சேர்ந்த இன்னொரு தோட்டத்துப் பிள்ளை ஐந்தாவது கிழமை நின்றுவிட்டாள். அவளுக்குக் கூட வர அண்ணன் இல்லை. படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள். ரத்தோட்டை, உக்குவெல, அம்பன்கங்க கோரளை என்று தோட்டங்கள் நிறைந்த பிரிவுகளும் அதற்குள் அடக்கம். இந்த மாவட்டத்துக்கு மாத்தளை நகரிலேயே சனிக்கிழமை வகுப்பு ஒன்று தமிழில் நடக்கட்டும். தமிழ்ப் புத்தகம் இருக்கிற ஒவ்வொரு பொது நூலகத்திலும் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த, பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவராவது இருக்கட்டும். அவருக்குச் சிங்களமும் பேச வரவேண்டும், அதையும் வகுப்பிலேயே சேர்த்துக் கொடுக்கலாம். சிங்களச் சகோதரிகளுக்கும் தமிழ் எழுத்து படிப்பித்தால் இன்னும் நல்லது. என்னோடு வேலை செய்த ஒருவர் ஆறு மாதத்தில் புத்தக முதுகைப் படிக்கப் பழகி, தமிழ்த் தட்டை என்னைவிட ஒழுங்காக வைத்திருந்தார்.

போன் இருக்கிற காலத்தில் நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒற்றை அறை லயத்தில் மேசை போட இடமில்லாத பிள்ளைக்கு வேறு எங்கே போக இருக்கிறது? வந்து, "மிஸ், தேயிலைப் பொஸ்தகம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்கும். "என்னத்துக்கு ராசா, பாடத்துக்கா, போட்டிக்கா?" என்று தமிழில் திருப்பிக் கேட்டால்தான் அதற்கு வேண்டியது 633.72ஆ, கவிதையா, தோட்ட மக்களின் வரலாறா என்று தெரியும். அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்வியையும் பயிற்சியில்தான் படித்தேன். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. தாள் நொறுங்காமல் பிரித்து, ஒளிவருடி, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிழையில்லாமல் பதிய ஆள் வேண்டும். அதற்கும் இதே படிப்புத்தான் அடிப்படை.

உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆசிரியர், தாதி, கிராம சேவகர் என்று எண்ணும்போது இந்த வேலையையும் ஒன்றாக எண்ணுங்கள். பிரதேச சபை உறுப்பினரிடம் பிள்ளைக்கு நூலகத்தில் ஒரு வேலை கேட்டுப் போகிறவர்கள், அதே வாயால் முதலில் வகுப்பைக் கேளுங்கள்.

அந்தச் சஞ்சிகைக் கட்டை நான் இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ரத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ பக்கம் யார் வீட்டிலாவது தாத்தாவின் தகரப்பெட்டிக்குள் பழைய சங்கப் பேப்பர் கிடந்தால், தயவுசெய்து கடைக்குப் போடாதீர்கள். கிட்டிய நூலகத்துக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது, மேசையில் இருப்பவரிடம் இதை எங்கே, எந்த இலக்கத்தில் வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.